இ.எஸ்.ஆர். இறங்கினால் லூபஸ் இறங்கிவிட்டதா?

தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்குவதற்குள் வெறும் வயிற்றோடு பத்துப் பேராவது படியில் உட்கார்ந்திருப்பார்கள். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று வருகிறவர்களே அதிகம். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தால் போய்விடுவார்கள். லூபஸ் நோயாளியின் வீட்டார் அப்படிப் போவதில்லை. அவர்கள் கையில் பழைய ரிப்போர்ட்டுகள் ஒரு கட்டு இருக்கும், மனதில் கேள்வி இருக்கும்.

போன வருடம் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தக்காளி விவசாயி வந்தார். மகளுக்கு இருபத்து மூன்று வயது. லூபஸ், அது சிறுநீரகத்தையும் பிடித்திருந்தது. முதல் பக்கத்தைப் பார்த்ததுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கிருமி தொண்ணூறுல இருந்து முப்பத்தெட்டுக்கு வந்துடுச்சு சார். இனிமே மாத்திரைய பாதியாக் குறைச்சிடலாம்ல?"

கிருமி என்று அவர் சொன்னது இ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையின் எண்ணை. நம் பக்கத்தில் எப்படியோ அதற்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இ.எஸ்.ஆர். எந்தக் கிருமியையும் எண்ணுவதில்லை. அந்தப் பெண்ணுக்கு அப்போது கிருமித் தொற்றே கிடையாது. 38 என்ற எண் அவள் சிறுநீரகத்தைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான். சிறுநீரகம் தன் சங்கதியை இரண்டாம் பக்கத்தில் சொல்லியிருந்தது. அவர் அதைத் திருப்பவில்லை.

நான் மருத்துவன் இல்லை. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் சிகிச்சை தருகிற மருத்துவரின் வேலை. ஆனால் இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பது தினமும் என் மேசையில் நடக்கிற விஷயம். அதை மட்டும் சொல்கிறேன்.

பரண்காரர் சொந்தக் காட்டுக்கே தீ வைத்தால்

தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி பக்கம் ராகி கதிர் பிடிக்கும் காலத்தில் காட்டிலிருந்து யானை இறங்கும். விவசாயிகள் பரண் கட்டி ராத்திரிக் காவல் இருப்பார்கள். யானையைக் கண்டதும் ஒருவர் சத்தம் போடுவார். பக்கத்துப் பரணிலிருந்து பட்டாசு வெடிக்கும், தீப்பந்தத்தோடு ஆட்கள் ஓடி வருவார்கள். அந்த அமளியில் பயிரும் கொஞ்சம் மிதிபடும். யானை போனதும் எல்லாம் அடங்கிவிடும்.

உடம்பு இதே வேலையைச் செய்வதற்கு அழற்சி என்று பெயர். காலில் முள் ஏறினால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கிறதே, அதுதான். வெளியிலிருந்து வந்ததை விரட்ட உடம்பு ஆள் சேர்க்கிறது. ஆகவே அழற்சியே கெட்டது என்று சொல்ல முடியாது. அது இல்லாமல் போனால் ஒரு சாதாரணச் சிராய்ப்பே ஆளைச் சாய்த்துவிடும்.

லூபஸில் யானையே வருவதில்லை. பரண்காரர் தன் காட்டில் ஆடும் கதிரையே யானை என்று நினைத்துப் பந்தத்தை வீசுகிறார். உடம்பின் காவல் உடம்பையே தாக்குவதால் இதைத் தன்னெதிர்ப்பு நோய் என்கிறார்கள். காவலுக்குப் பயன்படும் முக்கியமான ஆயுதம் ஆன்டிபாடி. ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதம் அது. சாதாரணமாக அது கிருமியின் மேல் ஒட்டும். லூபஸில் நம் உயிரணுக்களின் நடுவே இருக்கும் டி.என்.ஏ. போன்றவற்றுக்கு எதிராகவே ஆன்டிபாடி உருவாகிவிடுகிறது.

லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். முகத்தில் வரும் புண் ஓநாய் கடித்ததுபோல் இருந்ததால் அந்தக் காலத்தில் வைத்த பெயர். இந்நோய் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்களே அதிகம். கன்னங்களில் படர்கிற சிவப்பு, மூட்டு வலி, வாய்ப்புண், கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது, விட்டு விட்டுக் காய்ச்சல் என்று ஆளுக்கு ஒரு விதமாக ஆரம்பிக்கும். வெயில் பட்டால் பலருக்கு அதிகமாகும். தக்காளிக் காட்டில் நாள் முழுக்க நிற்கிற பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய சங்கடம் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் மாவட்டத்தில் சிறுநீரகம் என்ற சொல்லைக் கேட்டதுமே "தண்ணி சரியில்ல" என்பார்கள். நிலத்தடி நீரில் ப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, அது உண்மை. ப்ளோரைடு பல்லிலும் எலும்பிலும் காட்டும். லூபஸ் தண்ணீரால் வருவதில்லை. கேன் தண்ணீருக்கு மாறுவதால் அது போகப் போவதும் இல்லை.

ஒரு நாளைக்கு 180 லிட்டர்

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் வடிகட்டிகள் உள்ளன. தலைமுடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடப்பதே ஒரு வடிகட்டி. அதற்குக் குளோமெருலஸ் என்று பெயர். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டரை வடிகட்டி, வேண்டியதையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே விடுகின்றன. நல்ல வடிகட்டி தண்ணீரையும் கழிவையும் விடும். ரத்த அணுவையும் புரதத்தையும் விடாது.

லூபஸில் ஆன்டிபாடியும் அது ஒட்டிக்கொண்ட டி.என்.ஏ. துணுக்கும் சேர்ந்து திரள்களாகின்றன. இவ்வளவு ரத்தம் வடிகிற இடத்தில் அந்தத் திரள்கள் போய்ச் சிக்குவதில் ஆச்சரியம் இல்லை. சிக்கிய இடத்துக்குக் காவல் ஆட்கள் வருகிறார்கள், தீ வைக்கிறார்கள். வடிகட்டியின் சல்லடை கிழிகிறது. கிழிசல் வழியே புரதம் ஒழுகுகிறது, ரத்த அணுவும் ஒழுகுகிறது. லூபஸ் சிறுநீரக நோய் இதுதான். லூபஸ் உள்ள நூறு பேரில் சுமார் நாற்பது பேருக்கு இது வருகிறது.

சிறுநீரில் நுரை, காலையில் கண்ணிமை வீக்கம், சாயங்காலம் கணுக்கால் வீக்கம், சின்ன வயதிலேயே பி.பி. என்று வெளியே தெரிந்தால் நல்லது. பலருக்கு ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது. 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பி.பி. பார்க்கிறார்களே, அப்போது தாத்தா பாட்டியோடு லூபஸ் உள்ள பேத்தியும் கையை நீட்டலாம்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: லூபஸில் கிருமி இல்லாமலே அழற்சி நடக்கிறது. சிறுநீரகத்தில் அது நடந்தால் வடிகட்டி கிழிந்து புரதம் ஒழுகும். இனி, இந்தச் சேதத்தை ரத்தத்தில் எந்த எண் காட்டுகிறது, எந்த எண் ஏமாற்றுகிறது என்று பார்ப்போம்.

தேற்றாங்கொட்டையும் இ.எஸ்.ஆரும்

ஏரித் தண்ணீர் கலங்கலாக வந்தால் பானையின் உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை உரசிவிடுவார்கள், என் பாட்டி செய்து பார்த்திருக்கிறேன். தனித்தனியாக மிதந்துகொண்டிருந்த மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகி அடியில் படியும். சீக்கிரம் படிகிறதா, மெதுவாகப் படிகிறதா என்பது மண்ணை மட்டும் பொறுத்ததில்லை, தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது.

இ.எஸ்.ஆர். என்பதும் படிகிற வேகம்தான். உறையாமல் இருக்க மருந்து கலந்த ரத்தத்தை 200 மில்லிமீட்டர் அளவு குறித்த ஒல்லியான கண்ணாடிக் குழாயில் ஏற்றி நிமிர்த்தி வைத்துவிடுவோம். ஒரு மணி நேரம் கழித்து, சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கி மேலே தெளிவு விட்டிருக்கின்றன என்று பார்ப்போம். அந்த எண்தான் இ.எஸ்.ஆர். போலந்து மருத்துவர் பியர்நாட்ஸ்கி 1897இல் இதைக் கவனித்தார். 1921இல் ஸ்வீடனைச் சேர்ந்த வெஸ்டர்கிரன் இதற்கு ஒரு ஒழுங்கான முறை வகுத்தார். நூறு வருடம் ஆகியும் அவர் பெயரில்தான் அந்தக் குழாயைக் கேட்டு வாங்குகிறோம்.

சிவப்பணுக்கள் சாதாரணமாக ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கும். அழற்சி இருக்கும்போது கல்லீரல் ஃபைப்ரினோஜன் என்ற ஒட்டும் புரதத்தை அதிகம் சுரக்கிறது. அதுதான் இங்கே தேற்றாங்கொட்டை. சிவப்பணுக்கள் அடுக்கி வைத்த காசு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சேர்ந்து விரைவாக இறங்குகின்றன. எண் கூடுகிறது.

ஆக, இ.எஸ்.ஆர். அளப்பது அழற்சியின் நிழலை. நிழல் நீளமாக இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. ரத்தசோகை இருந்தால் அணுக்கள் குறைவு, நெருக்கம் குறைவு, அதனால் வேகமாக இறங்கும். வயது கூடினால் கூடும். கர்ப்பத்தில் கூடும். குழாய் கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூடக் கூடும். எங்கள் மேசை ஆடிய காலத்தில் நான் ஸ்டாண்டுக்கு அடியில் அட்டை மடித்து வைத்துச் சமன் செய்ததுண்டு.

லூபஸ் சிறுநீரக நோயாளிக்கு இதில் இன்னும் பெரிய சிக்கல் இருக்கிறது. புரதம் சிறுநீரில் ஒழுகிப்போவதை ஈடுகட்டக் கல்லீரல் மும்முரமாகப் புரதம் செய்கிறது. சின்னப் புரதமான ஆல்புமின் கிழிசல் வழியே போய்விடும். பெரிதான ஃபைப்ரினோஜன் உள்ளேயே தங்கிவிடும். அழற்சி அடங்கியிருந்தாலும் இந்த ஏற்றத்தாழ்வினாலேயே இ.எஸ்.ஆர். உயரமாக நிற்கும். கூடவே லூபஸில் ஆன்டிபாடிகள் அதிகம், அவையும் அணுக்களை ஒட்டவைக்கும். மாதவிடாயினால் வரும் ரத்தசோகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நான்கு பேர் சேர்ந்து இழுத்த கயிற்றில் லூபஸ் இழுத்த பங்கு எவ்வளவு என்று யார் சொல்வது?

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். ரத்தசோகைக்குச் சிகிச்சை எடுத்து ஹீமோகுளோபின் ஏறினாலே இ.எஸ்.ஆர். இறங்கும். அந்தப் பெண்ணின் 90 என்ற எண் 38 ஆனதில் இரும்புச்சத்து மாத்திரைக்கும் பங்கு இருந்திருக்கிறது. முந்தைய ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 7.8, இதில் 10.4.

கத்தாத காவலாளி: சி.ஆர்.பி.

சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரோட்டீன்) என்பது கல்லீரல் செய்கிற இன்னொரு புரதம். 1930இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். நிமோனியா கிருமியின் உயிரணுச் சுவரில் உள்ள 'சி' என்ற பொருளோடு இது ஒட்டியதால் இந்தப் பெயர். கிருமித் தொற்று வந்தால் சில மணி நேரத்திலேயே ஏற ஆரம்பித்து, ஒன்றிரண்டு நாளில் நூறு மடங்குகூட உயர்ந்துவிடும். காரணம் அடங்கினால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இ.எஸ்.ஆர். வாரக்கணக்கில் மெதுவாக இறங்குகிற சமயத்தில் சி.ஆர்.பி. அன்றைய நிலவரத்தைச் சொல்லும். நல்ல காவலாளி.

ஆனால் லூபஸில் இந்தக் காவலாளி கத்துவதில்லை. சிறுநீரகம் உள்ளே எரிந்துகொண்டிருக்கும், சி.ஆர்.பி. சாதாரணமாக இருக்கும், அல்லது லேசாகத்தான் உயர்ந்திருக்கும். லூபஸில் இன்டர்ஃபெரான் என்ற தூதுப்பொருள் அதிகம் சுரக்கிறது. கல்லீரல் சி.ஆர்.பி. செய்வதை அது அமுக்கி வைக்கிறது. நுரையீரலையோ இதயத்தையோ சுற்றியுள்ள உறையில் அழற்சி வந்தாலும், மூட்டுகளில் கடுமையாக வந்தாலும் விதிவிலக்காக ஏறும். மற்றபடி, சி.ஆர்.பி. நார்மல் என்றால் லூபஸ் அடங்கிவிட்டது என்று எண்ணிக்கொள்வது ஆபத்தான தப்பு.

இந்தக் குறையே ஒரு பெரிய உபயோகமாகவும் இருக்கிறது. வழக்கமாகக் கத்தாத காவலாளி ஒரு நாள் அலறினால், உண்மையிலேயே யானை வந்திருக்கலாம். நம் தக்காளி விவசாயியின் மகளுக்கு இடையில் ஒருமுறை காய்ச்சல் வந்தது. லூபஸ் திரும்பிவிட்டது என்று பயந்து வீட்டில் மிச்சமிருந்த ஸ்டீராய்டைக் கூட்டிக் கொடுக்கவே அவர்கள் யோசித்தார்கள். நல்லவேளையாக முதலில் மருத்துவரிடம் போனார்கள். சி.ஆர்.பி. 84. லூபஸ் கூடினால் இறங்குகிற சி3 என்ற புரதத்தின் அளவில் மாற்றம் இல்லை. சிறுநீர் கல்ச்சரில் கிருமி வளர்ந்தது. தேவைப்பட்டது ஆன்டிபயாடிக். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்குத் தொற்று என்பது லூபஸைப் போலவே பெரிய எதிரி. ஆகவே காய்ச்சல் வந்த லூபஸ் நோயாளிக்கு சி.ஆர்.பி. மிகவும் உயர்ந்திருந்தால் மருத்துவர்கள் முதலில் தொற்றைத்தான் தேடுவார்கள்.

ஒரு சில்லறை விஷயம், ஆனால் வாரத்துக்கு ஒருவராவது இதில் தடுக்கி விழுகிறார்கள். ஒரு லேபில் சி.ஆர்.பி. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று போடுவார்கள், இன்னொன்றில் டெசிலிட்டருக்கு. டெசிலிட்டர் என்றால் 100 மில்லி. முதல் கணக்கில் 6 என்பது இரண்டாவதில் 0.6. தர்மபுரியில் எடுத்ததையும் சேலத்தில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பத்து மடங்கு ஏறிவிட்டது என்று ராத்திரி தூங்காமல் வந்தவர்கள் உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் படித்தால் தீர்ந்தது.

சுருக்கம்: இ.எஸ்.ஆர். பல காரணங்களுக்காக ஏறி இறங்கும், மெதுவானது. சி.ஆர்.பி. வேகமானது, ஆனால் லூபஸுக்குக் காது கொடுக்காது, தொற்றுக்குக் கொடுக்கும். இரண்டில் எதுவும் சிறுநீரகத்தை நேராகப் பார்ப்பதில்லை.

கே.ஆர்.பி. அணை மட்டமும் சி3, சி4-ம்

காம்ப்ளிமென்ட் என்பது ரத்தத்தில் எப்போதும் தயாராக மிதக்கும் ஒரு புரதக் கூட்டம். ஆன்டிபாடி ஒட்டிய இடத்தில் இவை ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக்கொண்டு அந்த இலக்கைத் துளைக்கும். நம் கதையில் தீப்பந்தம் இவைதான். அதில் லேபில் அளப்பது சி3, சி4 என்ற இரண்டை. பல லேப்களில் சி3 டெசிலிட்டருக்கு 90 முதல் 180 மில்லிகிராம், சி4 10 முதல் 40 என்று எல்லை போட்டிருப்பார்கள்.

இ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் ஏறினால் கவலை. இங்கே இறங்கினால் கவலை. புதிதாகக் கேட்பவர்கள் குழம்புகிற இடம் இது.

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் முழு மட்டம் 52 அடி. மழைக்காலத்தில் பேப்பரில் நீர்மட்டம் போடும்போது வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு என்றும் சேர்த்துப் போடுவார்கள். மட்டம் குறைந்திருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று: வரத்து குறைந்திருக்கிறது, அல்லது மதகு வழியே அதிகம் போகிறது. சி3, சி4 குறைந்திருப்பதும் அப்படித்தான். லூபஸ் சிறுநீரகத்தில் தீ மூட்டும்போது தீப்பந்தங்கள் செலவாகின்றன. கல்லீரல் செய்து அனுப்புவதைவிடச் செலவு அதிகம், மட்டம் இறங்குகிறது. சிகிச்சை பிடித்து, செலவு நின்றால் மட்டம் மெல்ல ஏறும். அந்தப் பெண்ணுக்கு முதலில் சி3 48, மூன்று மாதம் கழித்து 71. இ.எஸ்.ஆர். 38 ஆனதைவிட எனக்கு நிம்மதி தந்த எண் அந்த 71தான். ஆனாலும் அது இன்னும் எல்லைக்குக் கீழேயே இருந்தது.

அணையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மதகு திறந்திருக்கும்போதே மேலே பெருமழை பெய்தால் மட்டம் சரியாக இருப்பதுபோல் தெரியும். காம்ப்ளிமென்டைக் கல்லீரல்தான் செய்கிறது. தொற்று வந்தாலும் கர்ப்பமாக இருந்தாலும் உற்பத்தி கூடும். அப்போது உள்ளே செலவு நடந்தாலும் சி3 நார்மல் மாதிரி காட்டலாம். ஆகவே லூபஸ் உள்ள கர்ப்பிணிக்கு நார்மல் என்ற ஒற்றைச் சொல்லை நம்பி உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அவருடைய முந்தைய மாத எண்ணோடு ஒப்பிடுவார்கள். இன்னும் சிலருக்குப் பிறவியிலேயே சி4 குறைவு. அவர்களுக்கு லூபஸ் அடங்கினாலும் அது ஏறாது.

சி3 குறைந்தாலே லூபஸ் என்பதும் இல்லை. தொண்டைப் புண்ணோ தோல் புண்ணோ வந்த சில வாரத்தில் குழந்தைகளுக்கு முகம் வீங்கிச் சிறுநீர் காபி நிறத்தில் போகும் ஒரு சிறுநீரக அழற்சி உண்டு. அதிலும் சி3 குறையும், ஆனால் சி4 பெரும்பாலும் குறையாது, ஆறு எட்டு வாரத்தில் சி3-யும் தானே ஏறிவிடும். லூபஸில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து இறங்கும்.

ஏ.என்.ஏ. ஒருமுறை, டி.எஸ்.டி.என்.ஏ. பலமுறை

ஏ.என்.ஏ. என்பது உயிரணுவின் உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்ப்பது. லூபஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் பாசிட்டிவ். ஆனால் நோயே இல்லாத பலருக்கும் குறைந்த அளவில் பாசிட்டிவ் வரும். 2019இல் வகுத்த சர்வதேச வரையறையில் 1:80 அளவாவது (அதாவது ரத்த நீரை 80 மடங்கு நீர்த்த பிறகும் தெரிகிற அளவு) ஏ.என்.ஏ. இருந்தால்தான் மேற்கொண்டு மற்ற அறிகுறிகளைக் கணக்கெடுக்கவே ஆரம்பிக்கிறார்கள். அது வாசல், வீடு இல்லை. நோய் உறுதியான பிறகு மாதாமாதம் ஏ.என்.ஏ. எடுப்பது காசுக்குக் கேடு. லேபில் வேலை செய்துகொண்டு இதைச் சொல்வதால் என் முதலாளிக்கு வருத்தம் இருக்கலாம்.

டி.எஸ்.டி.என்.ஏ. ஆன்டிபாடி வேறு. அது டி.என்.ஏ.வைக் குறிவைப்பது, லூபஸுக்கு அதிகம் சொந்தமானது, பலருக்கு நோய் கூடும்போது கூடிக் குறையும்போது குறையும். டி.எஸ்.டி.என்.ஏ. ஏறி சி3 இறங்கினால் சிறுநீரகத்தின் பக்கம் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று பொருள். ஒரே லேபில் ஒரே முறையில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

சிறுநீரகம் தன் வாயால் சொல்வது

இவ்வளவு நேரம் ரத்தத்தைப் பற்றியே பேசினேன். உண்மையில் வடிகட்டி கிழிந்ததா என்று தெரிய வேண்டுமென்றால் வடிகட்டிக்குக் கீழே பிடித்துப் பார்ப்பதே நேர்வழி. பால்காரர் வடிகட்டியின் தரத்தை அண்டாவைப் பார்த்துச் சொல்வாரா, வடித்த பாலைப் பார்த்துச் சொல்வாரா?

சிறுநீரில் எவ்வளவு புரதம் போகிறது என்று அறிய முன்பு 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் சேர்க்கச் சொல்வோம். பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு வருவது பெரிய கூச்சம். இப்போது பெரும்பாலும் ஒரு தடவை பிடித்த சிறுநீரே போதும். அதில் புரதத்தையும் கிரியாட்டினினையும் அளந்து ஒன்றை மற்றொன்றால் வகுப்போம். கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு, நாள் முழுக்க ஏறத்தாழ ஒரே சீராக வெளியேறும். நிறையத் தண்ணீர் குடித்தால் மோரில் தண்ணீர் ஊற்றினதுபோல இரண்டும் சேர்ந்தே நீர்க்கும், ஆனால் இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. இதற்குப் புரத-கிரியாட்டினின் விகிதம் என்று பெயர். நல்ல சிறுநீரகத்தில் இது 0.2க்குள் இருக்கும். லூபஸ் உள்ளவருக்கு 0.5ஐத் தாண்டினால் பயாப்ஸியைப் பற்றி, அதாவது சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பார்ப்பதைப் பற்றி, பேச்சு வரும். சிகிச்சை தொடங்கி ஆறு மாதத்தில் பாதியாவது குறைய வேண்டும், ஒரு வருடத்தில் 0.5-0.7க்குக் கீழே வர வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு.

நான் முதலில் சொன்ன இரண்டாம் பக்கத்தில் இருந்தது இந்த எண். தொடக்கத்தில் 2.8 இருந்தது அன்றைக்கு 1.9. குறைந்திருக்கிறது, நல்லது. ஆனால் மாத்திரையைப் பாதியாக்குகிற எண்ணா அது?

சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது உருக்குலைந்த சிவப்பணுக்களும், அவை குழாய் வடிவில் அச்சு வார்த்ததுபோல் ஒட்டியிருப்பதும் தெரிந்தால் வடிகட்டியிலேயே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். சிறுநீர் பழசானால் இவை கரைந்துவிடும், அதனால்தான் புதிதாகப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி அவசரப்படுத்துகிறோம். மாதவிடாய் நாளில் கொடுத்தால் கணக்கே தப்பும். பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள், நாங்களும் கேட்க மறந்துவிடுகிறோம்.

ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினினை நம் ஊரில் உப்பு என்பார்கள். "உப்பு ஏறியிருக்கு" என்று கேட்டதும் வீட்டில் சாப்பாட்டு உப்பை மட்டும் நிறுத்திவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பார்கள். பி.பி.க்காகவும் வீக்கத்துக்காகவும் உப்பைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் இந்த 'உப்பு' அந்த உப்பு இல்லை. தவிர, சிறுநீரகம் ஏறக்குறைய பாதி வேலையை இழக்கும் வரை கிரியாட்டினின் நார்மல் எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும். ஒல்லியான பெண்களுக்குத் தசை குறைவு, அவர்களுக்கு இன்னும் தாமதமாகத்தான் காட்டும். புரதம் ஒழுகுவது ஆரம்பச் செய்தி, கிரியாட்டினின் ஏறுவது பிந்திய செய்தி.

மூட்டு வலிக்கு மெடிக்கல் கடையில் தானாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரையும் கிரியாட்டினினை ஏற்றும். ஏற்கெனவே கிழிந்த வடிகட்டிக்கு அது இரண்டாவது அடி.

ஊசி எதற்கு?

இத்தனை எண்கள் இருந்தும் பயாப்ஸி எதற்கு என்று கேட்கிறார்கள். அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, ஊசியால் நூல்போன்ற ஒரு துணுக்கை எடுப்பார்கள். 2003இல் வகுத்த முறைப்படி லூபஸ் சிறுநீரக நோய் ஆறு வகை. எந்த வகை என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். எரிகிற தீயா, தீ அணைந்து மிச்சமான தழும்பா என்பதும் அங்கேதான் தெரியும். தழும்புக்கு வலுவான மருந்து கொடுத்துப் பலனில்லை. ஐந்தாம் வகையில் சி3, சி4, டி.எஸ்.டி.என்.ஏ. எல்லாமே சாதாரணமாக இருந்துகொண்டு புரதம் மட்டும் கொட்டலாம். ரத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் அவருக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்போம்.

தக்காளிக் கணக்கு நோட்டு

அந்த அப்பாவிடம் அன்றைக்கு மாத்திரையைத் தொட வேண்டாம், மருத்துவரிடம் இரண்டாம் பக்கத்தையும் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன். மருத்துவர் அதே அளவைத் தொடரச் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை வரும்போது அவர் கையில் மண்டிக் கணக்கு எழுதுகிற நீள நோட்டு இருந்தது. முன்பக்கம் எத்தனை பெட்டி, என்ன விலை. பின்பக்கத்திலிருந்து மகளின் கணக்கு. தேதி, ஹீமோகுளோபின், இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., சி3, சி4, சிறுநீர் விகிதம், கிரியாட்டினின், பி.பி. என்று கோடு போட்டிருந்தார். ஒரு எண் தனியாக நிற்கும்போது என்ன சொல்கிறது என்று புரியாது, வரிசையாக நிற்கும்போது புரிகிறது. தக்காளி விலையை ஒரு நாளை வைத்துக் கணிக்க முடியாது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆறாம் மாதத்தில் இ.எஸ்.ஆர். மறுபடி 52 என்று ஏறியது. அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"மறுபடி ஏறிடுச்சே சார்?"

"பக்கத்து எண்ணையெல்லாம் படிங்கண்ணா."

விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஹீமோகுளோபின் 8.9, அந்த மாதம் மாதவிடாய்ப் போக்கு அதிகம் என்று மகள் சொல்லியிருந்தாள். சி.ஆர்.பி. 3. சி3 96. சிறுநீர் விகிதம் 1.1.

"இது மட்டும் இறங்கிட்டே வருது" என்று விகிதத்தைக் காட்டினார். ஆமாம் என்றேன். அடுத்த பரிசோதனைக்கு மூன்று மாதம் இருந்தது. காலை முதல் சிறுநீர் பிடிக்கிற டப்பாவை அப்போதே கேட்டு வாங்கிக்கொண்டு, நோட்டை மடித்து அக்குளில் வைத்தபடி மண்டிக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.